எந்தக் கம்பம்

சோறு பிசைந்த கையை நிறுத்தாமலே என் மகள் சொன்னாள். "நான் ஹிஸ்டரி மேஜர் எடுக்கலாம்னு இருக்கேன்பா."

அப்போது அவள் பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டின் கடைசிப் பகுதியில் இருந்தாள். கலைப் பிரிவு. முதல் ஆண்டில் பல பாடங்களை எடுத்துப் பார்த்துவிட்டு, எது முதன்மைப் பாடம் என்று ஆண்டு முடிவதற்குள் அறிவிக்க வேண்டும். பொருளியல்தான் என்று எங்கள் வீட்டில் முடிவாகியிருந்தது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. வேறு எதுவும் யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

என் மனைவி கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே விட்டாள்.

"ஹிஸ்டரி படிச்சா என்ன வேலை?"

"நிறைய இருக்கும்மா."

"நிறையன்னா? ஒண்ணு சொல்லு."

"மியூசியம், மினிஸ்ட்ரி, டீச்சிங், ரிசர்ச்..."

"ஒண்ணு கேட்டா நாலு சொல்ற. அப்ப ஒண்ணும் உறுதியில்லன்னு அர்த்தம்." பிறகு என்னைப் பார்த்தாள். நான் அப்பளத்தைப் பார்த்தேன். "ஞாயித்துக்கிழமை பெரியப்பாவைப் பார்க்கறோம்ல, அவர்கிட்ட கேட்போம்."

பெரியப்பா என்றால் என் அண்ணன். அப்பா இறந்தபோது நான் தொடக்கப்பள்ளியில் இருந்தேன். அண்ணன் தன் படிப்பை நிறுத்திவிட்டுக் கப்பல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். கொஞ்ச காலத்தில் அம்மாவும் போய்விட்டார். என்னை உயர்நிலை நான்கு வரை படிக்க வைத்தது, எனக்குப் பெண் பார்த்தது, சிங்கப்பூரில் இந்த மார்சிலிங் வீட்டில் பால் காய்ச்ச நாள் பார்த்தது எல்லாம் அண்ணன்தான். அவர் வேண்டாம் என்ற எதையும் நாங்கள் செய்ததில்லை. அவரும் எதையும் சும்மா வேண்டாம் என்று சொல்கிறவர் இல்லை.

"பெரியப்பா வேணாம்னா எகனாமிக்ஸே எடுத்துக்கிறேன்," என்றாள் மகள். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. தெரிந்தவர் யாராவது லிஃப்டில் நின்றால், பேச வேண்டுமே என்று அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பேன். உட்லண்ட்ஸில் ஒரு கிடங்கில் ஸ்டோர்மேன் வேலை. அட்டைப் பெட்டிகள் நம்மிடம் பதில் எதிர்பார்ப்பதில்லை என்பதால் அந்த வேலை எனக்கு ஒத்துவந்தது. வரலாறு என்றால் எனக்குப் பள்ளிக்கூடத்துப் பாடம்தான். யார் எப்போது வந்து இறங்கினார், யார் யாரோடு ஒப்பந்தம் போட்டார் என்று மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மறுநாள் மறந்து போனது. அதை ஒருத்தி விரும்பி நான்கு வருடம் படிப்பாளா என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது.

அந்த வாரம் அவளுக்கு வரலாற்று வகுப்பில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு கதையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதைச் சொல்கிறவரைப் பேட்டி காண வேண்டும். பிறகு அந்தக் கதை எவ்வளவு தூரம் நிற்கிறது என்று மற்ற ஆதாரங்களோடு வைத்துப் பார்த்து எழுத வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் கதை என்று இருந்தது ஒன்றுதான். நாங்கள் கம்பத்துக்காரர்கள்.

அப்பா அப்படித்தான் சொல்வார். "நாங்கல்லாம் கம்பத்துக்காரங்க, எங்களுக்கு இதெல்லாம் பெரிசில்ல" என்பார், மின்சாரம் போனால், குழாயில் தண்ணீர் நின்றால், எதற்கும். அப்பாவும் அம்மாவும் போய்ச் சில ஆண்டுகள் கழித்து அண்ணனுக்குக் கல்யாணம் வந்தது. பத்திரிகை அடிக்கத் தேக்கா பக்கம் ஓர் அச்சகத்துக்குப் போனோம். "பூர்வீகம் எந்த ஊர்னு போடணும்?" என்று அச்சகக்காரர் கேட்டார். கம்பம் என்றார் அண்ணன். அச்சகக்காரர் தமிழ்நாட்டிலிருந்து வந்து கொஞ்ச காலம் ஆனவர். "மதுரைப் பக்கம் கம்பமா? அருமையான ஊராச்சே. திராட்சைத் தோட்டம், மலை, ஆறு. குடுத்து வச்சவங்க நீங்க," என்றார். அண்ணன் முகம் மலர்ந்தது. பத்திரிகையில் மதுரை மாவட்டம் கம்பம் என்று அச்சானது. பிறகு என் பத்திரிகையிலும் அதுவே ஏறியது.

அண்ணன் ஓய்வு பெற்றதும் அந்த ஊருக்கே போய்வந்தார். அங்கே ஒரு கோவிலைக் கண்டுபிடித்தார். எங்கள் குலதெய்வம் அதுதான் என்று அங்கிருந்த ஒருவர் உறுதியாகச் சொன்னாராம். சிங்கப்பூரிலிருந்து வந்து பொங்கல் வைக்கிறவரைப் பங்காளி என்று கூப்பிட யாருக்குத் தயக்கம் இருக்கும்? அண்ணன் வருடா வருடம் போக ஆரம்பித்தார். திரும்பி வரும்போது அவர் நடையிலேயே ஒரு நிமிர்வு இருக்கும்.

எனக்கும் அந்த ஊர் உதவியாகத்தான் இருந்தது. "இந்தியாவுல எந்த ஊரு?" என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்ல ஒரு பதில் இருந்தது. ஒருமுறை மட்டும் லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடையில் சாமான் எடுத்துக் கொடுத்த இளைஞர், "கம்பமா அண்ணே? நானும் கம்பம்தான். எந்தத் தெரு?" என்று கேட்டுவிட்டார். பருப்பு வாங்காமலே வந்துவிட்டேன்.

பேட்டி எங்கள் வீட்டு வரவேற்பறையில் நடந்தது. மகள் கைப்பேசியை மேசையில் வைத்து ஒலிப்பதிவைத் தொடங்கினாள்.

"முதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்க."

"உனக்குத் தெரியாதா?"

"ரெக்கார்டிங்குக்குப்பா."

"உங்க அப்பா," என்றேன். சமையலறையில் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது.

மகள் சிரிக்கவில்லை. அவள் கேட்ட விதம் எனக்குப் புதிதாக இருந்தது. "கம்பத்தைப் பத்தி தாத்தா என்ன சொல்வாரு? அவர் வாயால சொன்னது மட்டும் சொல்லுங்க. பெரியப்பா அங்க போய்ப் பார்த்துட்டு வந்து சொன்னது வேணாம். நீங்க படத்துல பார்த்தது வேணாம்."

இரண்டையும் பிரிக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கம்பம் என்றாலே திராட்சைப் பந்தலும் மலையும்தான் மனதில் வரும். அது அப்பா சொன்னதா? யோசித்தால் இல்லை. அது அச்சகக்காரர் சொன்னது. அப்பா சொன்னது வேறு. மெல்ல மெல்ல ஞாபகம் வந்தது.

"வீட்டுக்குப் பலகை மேல நடந்து போகணும்பாரு. கீழ சேறு. தண்ணி ஏறினா நண்டு அடுப்படி வரைக்கும் வரும், பிடிச்சுப் பானையில போட்டா அன்னிக்குக் குழம்பு. அப்புறம் கிணறு. தண்ணி ஏறுறதுக்குள்ள இறைச்சு வச்சிடணும். ஏறிட்டா கிணத்துத் தண்ணி கரிக்கும்."

"கரிக்கும்னா?"

"உப்பு."

அவள் கைப்பேசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்பா, அந்தக் கம்பம் மலையடிவாரம்லா."

"ஆமா."

"அங்க கடல் எங்க இருக்கு?"

"கடல் இல்ல. ஆறு இருக்கு."

"ஆத்துத் தண்ணி உப்புக் கரிக்குமா?"

அவளே அடுத்த கேள்வியையும் கேட்டாள். "சரி, இங்க நாம எதையெல்லாம் கம்பம்னு சொல்வோம்?"

மனைவி ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றாள். "கம்பத்துக் கோழி," என்றாள்.



இங்கே பிறந்த எந்தத் தமிழனுக்கும் அந்தச் சொல் தெரியும். பழைய மலாய்க் கிராமங்களுக்கு மலாயில் சொல்லும் ‘கம்போங்’ என்ற பெயர் எங்கள் வாயில் கம்பம் ஆகிவிட்டது. அடுக்குமாடி வீடுகள் வருவதற்கு முன்னால் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் கம்பங்களில்தான் இருந்தார்கள். கம்பத்து வீடு, கம்பத்து வாழ்க்கை என்று நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். தேக்கா சந்தையில் கம்பத்துக் கோழி வாங்கும்போது அது மதுரைப் பக்கத்திலிருந்து விமானத்தில் வந்த கோழி என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் அப்பா கம்பத்துக்காரன் என்று சொன்னதை மட்டும் தூக்கிக்கொண்டு போய் மலையடிவாரத்தில் வைத்துவிட்டோம். ஒரே சொல்லை இரண்டு பைகளில் போட்டு வைத்திருந்தேன். ஒரு பைக்குள் இருந்தது மறு பைக்குத் தெரியவில்லை.

மகள் துள்ளிக் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு, "இன்னும் ஒண்ணும் தெரியாதுப்பா. உங்க ஞாபகம் ஒண்ணுதான் இருக்கு," என்றாள்.

அடுத்த சில நாட்கள் நூலகத்தில் கழித்தாள். பழைய வரைபடங்களைப் பார்த்தாள். இங்கே கடலோரக் கம்பங்களில் வாழ்ந்தவர்கள் பேசிய பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டாள். மலாய்க்காரர் ஒருவரும் சீனப் பெண்மணி ஒருவரும் கிணறு கரிப்பதைப் பற்றியும் பலகை நடைபாதையைப் பற்றியும் ஏறக்குறைய அப்பா சொன்ன மாதிரியே சொல்லியிருந்தார்களாம். அவர்களுக்கு அப்பாவைத் தெரியாது. அப்பாவுக்கும் அவர்களைத் தெரியாது. "அதான் முக்கியம்பா. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் சொல்லல," என்றாள்.

எங்கள் கிடங்கிலும் புதிதாக வருகிறவர்கள் பெட்டியின் மேல் ஒட்டியிருப்பதை நம்புவார்கள். கொஞ்ச காலம் போனால்தான் திறந்து பார்க்கும் பழக்கம் வரும். ஆனால் நாங்கள் திறந்து பார்ப்பது திருகாணியா ஆணியா என்று. இவள் திறந்து பார்ப்பது மனிதர்கள் சொன்னதை. அதில் மரியாதையும் வேண்டும், சந்தேகமும் வேண்டும். ஒன்று கூடினால் மற்றது குறைந்துவிடும். அதைத் தானாகக் கற்றுக்கொள்ள முடியாது. யாராவது உட்கார வைத்துப் பழக்க வேண்டும், தப்பு செய்தால் திருப்பி அனுப்ப வேண்டும், மறுபடி எழுதச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பது என்றால் இதுதான் என்று அந்த வாரம் எனக்கு விளங்கியது. பழைய காலத்தைத் தெரிந்துகொள்வது அதில் ஒரு பகுதிதான். ஒருவர் ஒன்றைச் சொன்னால், இவருக்கு இது எப்படித் தெரியும், எப்போது சொன்னார், யாருக்குச் சொன்னார், வேறு யார் சொல்கிறார்கள் என்று நிதானமாகக் கேட்கப் பழகுவதுதான் மிச்சம் எல்லாம். அப்படிக் கேட்கத் தெரிந்த ஆள் வேண்டாம் என்று சொல்லும் அலுவலகம் இருந்தால், அந்த அலுவலகத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

வீட்டிலேயே அதன் பலன் தெரிந்தது. வெந்தயத்தை இன்ன மாதிரி ஊறவைத்தால் சர்க்கரை நோய் ஓடிவிடும் என்று என் மனைவிக்குத் தினமும் வாட்ஸ்அப்பில் ஏதாவது வரும். அவளும் மறு நிமிடமே பத்துப் பேருக்கு அனுப்புவாள். அந்த வாரம் மகள், "இதை முதல்ல யாரும்மா சொன்னது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மனைவி முறைத்தாள். ஆனால் மறுநாள் அவள் தங்கையிடம், "யாரு முதல்ல சொன்னதுன்னு கேட்டு அனுப்புடி" என்று சொன்னதை நானே கேட்டேன்.

சனிக்கிழமை மாலை மகள் என்னைப் பக்கத்தில் இருக்கும் உட்லண்ட்ஸ் கடலோரத்துக்குக் கூட்டிப்போனாள். மலேசியாவுக்குப் போகும் ஜோகூர் பாலத்தில் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. தண்ணீர் இறங்கியிருந்த நேரம். கற்களுக்கிடையில் சேற்றில் சின்னச் சின்ன நண்டுகள் ஓடின.

"இங்கதானா?" என்றேன்.

"தெரியலப்பா. இந்தத் தீவோட கரையில எங்கயோன்னு சொல்லலாம். அதுக்கு மேல சொன்னா கதை ஆயிடும்."

"நண்டு இருக்குதே."

"நண்டு எல்லாக் கரையிலயும் இருக்கும்பா."

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். நான் அந்த இடத்தையே அப்பாவின் வீடாக ஆக்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் விடவில்லை.

திரும்பி வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். "நாளைக்குப் பெரியப்பாகிட்ட இதை எடுக்காதே. முதல்ல மேஜருக்குச் சரின்னு சொல்லட்டும். ஊரு இல்லன்னு சொல்லிட்டு, அதே வாயால ஹிஸ்டரி படிக்கிறேன்னு கேட்டா யாரு சரிம்பா? வேற கதை எழுது. எங்க அம்மா எஸ்டேட்ல புலி பார்த்த கதை இருக்கே, அதை எழுது."

"அந்தப் புலியையும் செக் பண்ணணும்மா."

"எங்க அம்மா பொய் சொல்லுவாங்களா?"

"அப்படிச் சொல்லலம்மா..." மகள் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, நீங்க சொல்லுங்க."

"உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்," என்றேன்.

"அது பதில் இல்லப்பா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னாள்.

ஞாயிறு மதியம் லிட்டில் இந்தியாவில் எப்போதும் போகும் உணவகத்தில் உட்கார்ந்தோம். வாசலில் வரிசை நின்றது. அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். இலை போட்டதும் வழக்கம் போல நண்டு மசாலா சொன்னார். நண்டு வந்தால் அவருக்கு அப்பா ஞாபகம் வரும், அதுவும் வழக்கம்.

"எங்கப்பா சொல்வாரு," என்று மகளிடம் ஆரம்பித்தார். "கம்பத்துல நண்டைக் காசு குடுத்தா வாங்கினோம்? அதுவா வீட்டுக்குள்ள வரும். இவ்வளவு பெரிய காலு. இப்ப பாரு, இந்த ஒரு காலுக்கு இவன் என்ன விலை போடறான்னு."

மகள் இலையைப் பார்த்தாள். மனைவி பேச்சை மாற்றுவது போல மேஜர் விஷயத்தை எடுத்தாள். "மாமா, இவ பொருளியலை விட்டுட்டு ஹிஸ்டரி எடுக்கிறேங்கறா. நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

அண்ணன் நண்டுக் காலைக் கடித்து உடைத்தார். "ஹிஸ்டரியா? ஏன், நல்லதுதானே."

மனைவிக்கு வாய் மூடவில்லை.

"நம்ம குடும்பத்துல எல்லாரும் உழைச்சோம், ஒருத்தரும் எழுதி வைக்கல. இவ எழுதட்டும். கம்பத்துல இருந்து ஆரம்பி பாப்பா. வருஷக் கடைசியில எல்லாரையும் நான் கூட்டிட்டுப் போறேன். அங்க பங்காளிங்க இருக்காங்க, ஒவ்வொருத்தரா உக்கார வச்சுப் பேட்டி எடு. யாரு முதல்ல கப்பல் ஏறினா, ஏன் ஏறினா, எல்லாம் கேளு. எனக்குச் சம்மதம்."

அவள் விரும்பியது கிடைத்துவிட்டது. தலையை ஆட்டினால் போதும். மேசைக்கடியில் மனைவி என் காலை மிதித்தாள். மகளின் காலையும் மிதித்திருப்பாள்.

"பெரியப்பா," என்றாள் மகள். "தாத்தா சொன்ன கம்பம் அந்தக் கம்பம் இல்லன்னு நினைக்கிறேன்."

"வேற எந்தக் கம்பம்?"

"இங்க இருந்த கம்பம். கடலோரக் கம்பம். தாத்தா அவர் வளர்ந்த கம்பத்தைத்தான் சொல்லியிருக்காரு."

அண்ணன் கையிலிருந்ததை இலையில் வைத்தார். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "உங்க மகளை நல்லாத்தான் படிக்க வைக்கிறீங்க," என்றார் மனைவியைப் பார்த்து. "ஒரு வருஷப் படிப்புக்கே ஊரைத் தூக்கிட்டா. நாலு வருஷம் படிச்சா அப்பா பேரையும் தூக்கிடுவா."

"அப்படி இல்ல பெரியப்பா. தாத்தா சொன்ன நண்டு..."

"அங்கயும் ஆறு இருக்கு. வயல்ல நண்டு இருக்கு. நான் என் கண்ணால பார்த்திருக்கேன். நீ பார்த்தியா?"

"இல்ல பெரியப்பா. வயல்ல நண்டு இருக்கும்னு நான் யோசிக்கல. அதையும் எழுதிக்கிறேன். அதனாலதான் நண்டை மட்டும் வச்சு நான் சொல்லல. கிணத்துத் தண்ணி உப்பானதையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"யாரு சொன்னது உப்புன்னு?"

மகள் என்னைப் பார்த்தாள். அண்ணனும் பார்த்தார். மனைவி கண்ணாலேயே வேண்டாம் என்றாள். பக்கத்து மேசையில் யாரோ ரசம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

"அப்பாதான் அண்ணே," என்றேன். "தண்ணி ஏறுறதுக்குள்ள இறைச்சிடணும், ஏறிட்டா கரிக்கும்னு. எனக்கு அப்பா சொன்னது சரியா ஞாபகம் இல்ல. அப்பா போனதுக்கு அப்புறம் நீங்கதான் ராத்திரி படுக்கும்போது எனக்குச் சொல்லுவீங்க. அப்பா சொன்னதெல்லாம் இவன் மறந்துடக் கூடாதுன்னு. அப்படியே அவர் சொன்ன மாதிரியே சொல்லுவீங்க. ஒரு வார்த்தை மாத்த மாட்டீங்க."

அண்ணன் நண்டுக் காலை இலை ஓரத்துக்குத் தள்ளினார்.

"மலையில தண்ணி ஏறி இறங்காதுண்ணே. கடல்லதான். இவ அப்பா சொன்னதைப் பொய்ங்கல. நீங்களும் நானும் இத்தனை வருஷமா அந்தக் கதையைச் சொன்னோம். காது குடுத்துக் கேட்டது இவ ஒருத்திதான்."

ஒரே மூச்சில் அவ்வளவு நான் அண்ணனிடம் பேசியதில்லை. ஆனால் சொன்னதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

அண்ணன் இலையை மூடினார். நண்டு பாதி அப்படியே இருந்தது. கை கழுவிவிட்டு வந்து, "நான் சம்மதம்னு சொன்னதை இப்ப வச்சுக்க வேணாம். யோசிக்கணும்," என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் நடந்து போனார்.

ரயிலில் மனைவி எங்கள் இருவரிடமும் பேசவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், "கையில வந்ததை அப்பனும் மகளும் சேர்ந்து தட்டி விட்டீங்க," என்றாள். அவள் சொன்னது சரிதான். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதாளா என்று தெரியாது. காலையில் சாப்பிடும்போது, "எகனாமிக்ஸும் பரவாயில்லப்பா," என்றாள்.

அந்த வாரம் முழுக்க அண்ணனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அறிவிக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அதற்குள் அவர் கூப்பிடுவார் என்று மனைவி காத்திருந்தாள். பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு நான் யோசித்தேன். அந்த மேசையில் அவள் தலையாட்டியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். தனக்கு வேண்டியது கிடைக்கப் போகிற நேரத்தில், அதை இழந்தாலும் பரவாயில்லை என்று தெரிந்ததைச் சொன்னாள். சொல்லும்போதும் தனக்குத் தெரிந்த அளவுக்குத்தான் சொன்னாள், ஒரு பிடி கூடச் சேர்க்கவில்லை. அண்ணன் வயல் நண்டைச் சொன்னபோது அதையும் வாங்கிக்கொண்டாள். இதை அவளுக்குக் கொடுத்தது அந்த ஒரு வருடப் படிப்பு. இன்னும் மூன்று வருடம் கொடுத்தால் என்ன ஆவாள் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. இதில் பயப்பட என்ன இருக்கிறது?

வியாழக்கிழமை வேலை முடிந்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் தனியாக இருந்தார். அண்ணி கோவிலுக்குப் போயிருந்தார். கதவைத் திறந்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

"ரெண்டு மூணு நாளா அப்பா சொன்னதை எல்லாம் வாயில போட்டுச் சொல்லிப் பார்த்தேன்," என்றார். "ஒரு இடத்துல கூட அவர் மலைன்னு சொல்லல."

"ஆமாண்ணே."

"நான் அந்த ஊர்ல பொங்கல் வச்சதெல்லாம்?"

"சாமிக்கு வச்சது சாமிக்குத்தானே."

"அதான். இத்தனை வருஷம் கும்பிட்டுட்டேன், இனிமே அது என் சாமிதான். நான் போவேன்."

"போங்கண்ணே. நானும் வரேன்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப அப்பாவைப் பெத்தவரு எந்த ஊர்லேர்ந்துதான் வந்தாரு? அதைக் கண்டுபிடிப்பாளா உன் மக?"

"தெரியாதாம். தேடலாமாம், கிடைக்காமலும் போகலாமாம்."

"கிடைக்காமப் போறதுக்கு நாலு வருஷப் படிப்பா?"

"கிடைக்காதப்போ கிடைச்ச மாதிரி சொல்லாம இருக்கறதுக்குண்ணே."

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் பார்வையை விலக்கவில்லை. "நாளைக்கு அவ ஹிஸ்டரின்னு போடப் போறா," என்றேன்.

"இப்ப நீ என்னைக் கேக்க வந்தியா, சொல்ல வந்தியா?"

"சொல்ல வந்தேன்."

அவர் எழுந்து சமையலறைக்குள் போனார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கோபமா என்று கணிக்க முடியவில்லை. இரண்டு டம்ளரில் காப்பியோடு வந்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"என்னையும் ஒரு நாள் வந்து பேட்டி எடுக்கச் சொல்லு," என்றார். "எனக்கு உன்னைவிட நிறைய ஞாபகம் இருக்கு. ஆனா நான் சொல்றதை எல்லாம் அப்படியே நம்பிட வேணாம்னு சொல்லிடு."

அன்று ராத்திரியே மகளிடம், "ஹிஸ்டரின்னே போடு," என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை மார்சிலிங் ரயில் நிலையத்துக்கு இருவரும் சேர்ந்து நடந்தோம். போகும் வழியில், குடியிருப்புகளுக்கிடையிலான கூரை நடைபாதையில், மகள் நின்று, வரலாறுதான் தன் முதன்மைப் பாடம் என்று கைப்பேசியிலேயே அறிவித்தாள். வேலைக்குப் போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"அவ்வளவுதான்பா," என்றாள்.

"சரி," என்றேன். "பேட்டி எடுக்க நீ எப்ப வர்றேன்னு பெரியப்பா கேட்டாரு."